தகரத்து ஆப்பிளும் என் வாயும்

டத்தோ கிராமாட், பினாங்கு
ஆகஸ்ட் 1943

அன்பு மகனுக்கு,

நீ இருக்கும் சயாமுக்கு வரும், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அரிசிப் பஞ்சத்தில், ஜப்பான்காரன் உத்தரவுப்படி ஊரே மரவள்ளி நட்டபோது, மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆப்பிள் விதை போட்ட மேதாவி உன் அப்பன். தோட்டச் சோதனைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி, தன் ஊர் ஆப்பிள் கன்றைக் கண்டதும் சிரித்துவிட்டான். திட்டு விழாத சந்தோஷத்தில், எனக்குத் தெரிந்த மலாயில், "என் மகன்தான் தண்ணீர் ஊற்றுகிறான், மாடு மாதிரி உழைப்பான்" என்று அளந்தேன். அவன் உன் பெயரை எழுதிக்கொண்டான். மறுவாரமே உன்னை சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நேற்றுத்தான், "அந்த வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள். இருந்திருக்கலாம்.

காய்ச்சல் என்றால் படுத்துக்கொள், ராசா. நீ படு சோம்பேறி என்று அங்கிருந்து யாராவது வந்து சொன்னால், அதைவிடப் பெருமை எனக்கு வேறில்லை.

வாய் அடங்காத,
உன் அப்பா