கீழே தள்ள வேண்டிய செய்தி

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. மூன்றாவது கட்டுரை மதியத்துக்குள் போயாக வேண்டும்.

பத்திரிகையை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது நான் செய்வதற்குப் பெயர் 'கன்டென்ட்'. இதுவரை எழுதியவை: முகப்பூச்சு, டியூஷன் சென்டர், முடி கொட்டுவதற்கு எண்ணெய் (கொட்டாமல் இருக்கத்தான்). இப்போது சாப்பாடு. தொழிலாளர் விடுதிகளுக்குப் பொட்டலம் அனுப்பும் ஒரு கேட்டரிங் கம்பெனி. பிடித்துக் கொடுத்தது சிராங்கூன் சாலையில் விளம்பர ஏஜென்சி நடத்தும் ஷாலினி. மொத்தம் பத்துக் கட்டுரை.

ஷா. போட்ட கட்டளைகள்: பத்திக்கு ஒரு 'அம்மா'. தலைப்பில் 'சுத்தம்'. சோகம் கூடவே கூடாது.

இன்றைய தலைப்பு: 'துவாஸ் விடுதியில் அம்மாவின் கைமணம், சுத்தமாக!' அனுப்பிவிட்டுப் போய்ப் பல் துலக்கினேன். உண்மையாகவே.

பஸ் டிப்போவிலிருந்து என் வீட்டுக்காரர் செல்வா போன். "பத்தும் உனக்கேவா? அப்ப இனிமே ஸ்டெடி தான் லா!" பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தன் அக்காவிடம் அதற்குள் சொல்லியாகிவிட்டதாம். மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நாளாகிறது.

மார்ச் 12, புதன்

வெயில். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

ஷா.: "மூணும் போட்டாச்சு அக்கா, கிளையன்ட் ரொம்ப ஹேப்பி. உங்க பேரு மட்டும் வராது, ஓகே தானே?" ஓகே. பெயர் வராதது எனக்கு நிம்மதி. இதில் ஒரு நிம்மதியா என்று என் மேலேயே எரிச்சல்.

மீதி ஏழுக்கும் விவரம் அனுப்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'கீழே தள்ள வேண்டியது'. அதன் அடியில் ஒரே ஒரு சுட்டி. 'துவாஸ், விடுதி, சாப்பாடு' என்று தேடினால் முதலில் வருவது அதுவாம். நல்ல கட்டுரைகளாகப் போட்டு நிரப்பினால் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கிவிடும். அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பத்தும் அதற்குத்தான்.

சுட்டியைத் தட்டினேன். என் செய்தி. என் பெயர்.

அதே கம்பெனிதான், பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது, எனக்குத் தெரியவில்லை. விடியுமுன் கட்டி அனுப்பிய சோறு மதியம் ஊசிப்போவதைப் பற்றி எழுதியது. வேலையிடத்தில் கால்வாய் ஓரம் உட்கார்ந்து நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து எழுதியது. இத்தனை வருடத்தில் இதை நான்தான் எழுதினேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்று.

மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஷா.வுக்குப் போன். கத்தத்தான் போனேன்.

"தெரியும் அக்கா. அதான் உங்களையே கேட்டோம்."

"தெரிஞ்சேவா?"

"எந்த வார்த்தைய போட்டுத் தேடுனா அது மேல வருதுன்னு எழுதுனவங்களுக்குத்தானே தெரியும்? பெர்சனலா எடுத்துக்காதீங்க லா."

இப்போது சாப்பாடு சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "எல்லாம் மாறிடுச்சு அக்கா. ஆப் இருக்கு, டப்பா மேல கியூஆர் கோட் இருக்கு." கியூஆர் கோடு இருந்தால் சோறு ஊசிப்போகாது போலிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "யோசிக்கிறேன்" என்றேன். துப்புக் கெட்டவள்.

வாங்க வேண்டியது: சலவைத்தூள், பல்பு, செ.வுக்கு முதுகுவலித் தைலம்.

மார்ச் 16, ஞாயிறு

தேக்கா. விடுமுறைத் தொழிலாளர்கள், நிற்க இடமில்லாத கூட்டம். முருகேசனைத் தேடிப் பிடித்தேன். அந்தச் செய்தியில் 'பெயர் சொல்ல விரும்பாத தொழிலாளி' அவன்தான். இன்னும் துவாஸில்தான், சாப்பாடும் அதே ஆட்களிடம்தான். டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன்.

"டப்பா மட்டும் புதுசுக்கா. தொறந்தா அதே வாடைதான். போன வாரம் எங்க ரூம்ல நாலு பேருக்கு வயித்தால."

டீயை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க எழுதுனத புதுப் பசங்களுக்குக் காட்டலாம்னு தேடுனேன். மேல வரமாட்டேங்குது. இந்தக் கருமம்தான் வருது." போனை நீட்டினான். அம்மாவின் கைமணம். "எந்த நாய் எழுதுச்சோ. அவன ஒரு நாள் இதத் திங்க விடணும்."

"நான்தான் எழுதினேன்."

சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். டீயைக் குடித்து முடிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

வீட்டுக்கு வந்து செல்வாவிடம் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "என் அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வேலைய விடு" என்றார். அழுகை வந்தது.

மார்ச் 17, திங்கள்

ஷா.வுக்கு எழுதினேன்: மீதி ஏழும் வேண்டாம், அந்த மூன்றையும் எடுத்துவிடு.

பதில்: "அதெல்லாம் இப்போ கிளையன்ட்டோடது அக்கா, எடுக்க முடியாது. மீதிய ஏஐ-ல போட்டுக்கிறோம். உங்க மூணு இருக்குல்ல, அதே ஸ்டைல்ல குடுக்கும்."

அதே ஸ்டைலில். என் ஸ்டைலாம்!

மார்ச் 19, புதன்

தூறல். புக்கிட் மேரா காப்பிக்கடை, காலையிலிருந்து இதே மேசை. கடைக்காரர் இரண்டு தடவை முறைத்துவிட்டார். மூன்றாவது கோப்பி வாங்கினேன்.

நேற்று, பழைய நோட்டில் நம்பர் இருந்த முருகேசனின் அறைத்தோழர்கள் மூன்று பேரிடம் போனில் பேசினேன். டப்பா படங்கள் அனுப்பினார்கள். கம்பெனிக்கும் கேள்விகள் அனுப்பினேன். பதில் இல்லை. என் சொந்தப் பக்கத்தில் போடப்போகிறேன், அதைப் பத்துப் பேர் படித்தாலே அதிகம். ஆனால் எந்த வார்த்தை போட்டால் மேலே வரும் என்று எழுதினவளுக்குத்தானே தெரியும். துவாஸ், விடுதி, சாப்பாடு, சுத்தம். 'அம்மா'வையும் விடவில்லை.

போடும் முன் முருகேசனைக் கூப்பிட்டேன். எடுப்பான் என்று நினைக்கவில்லை.

"உன் பேரு எங்கயும் வராதுப்பா."

"என் பேரு கெடக்கட்டும்க்கா. உங்க பேரப் போடுவீங்களா?"

போட்டிருக்கிறேன். முதல் வரி: 'இந்தக் கம்பெனியைப் புகழ்ந்து இணையத்தில் பெயரில்லாமல் கிடக்கும் முதல் மூன்று கட்டுரைகளை எழுதியது நான்.'