முடிவெட்டும் நாற்காலிகளை என் தம்பிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது குறித்து

அனுப்புநர்:
திவால் மனு செய்துள்ள ஸ்டூடியோக்காரரின் உடன்பிறந்த அக்கா,
பெண்கள் முடி அலங்காரத் தொழிலாளி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு, மாடி அறை.

பெறுநர்:
திவால் சொத்துப் பொறுப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: கடனாளி தனது தொழிற்கருவி என்று பொய் சொல்லி விலக்குக் கேட்கும் இரண்டு நாற்காலிகளை ஏலத்தில் சேர்க்கக் கோருதல், அவர் மறைத்து வைத்துள்ள பொருளைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. மேற்படியார், அதாவது என் தம்பி, போட்டோ ஸ்டூடியோ வைப்பதற்காக என் பெயரில் வங்கிக் கடன் எடுத்துக் கொடுத்தேன். முதல் வருடம் தவணை கட்டினார். பிறகு என் போனை எடுப்பதை நிறுத்தினார். வங்கி என் கழுத்தைப் பிடித்தது. நான் திவால் மனு கொடுத்தேன்.

2. திவாலானவரிடமும் சட்டம் சிலவற்றை விட்டுவைக்கிறது: உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், பிழைப்புக்கான கருவி. அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் நான் தைரியமாக இருந்தேன். என் அழகு நிலையத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஏறி இறங்கும், சுழலும், பின்னால் சாயும். அவை இருந்தால் மறுபடி எழுந்து நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

3. பொருட்களைப் பட்டியல் எடுக்கத் தங்கள் அலுவலக ஊழியர் வந்தபோது, வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து நான் கட்டுப்போட்டிருந்தேன். கடை சில மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. துணைக்கு வருவதாகச் சொல்லி மேற்படியாரும் வந்தார். ஊழியர் நாற்காலிகளைப் பார்த்துத் தயங்கியபோது அவர் முந்திக்கொண்டு, "அக்கா தொழிலை விட்டாச்சு சார். இனிமே அவங்களால கத்திரியே பிடிக்க முடியாது" என்றார். "பொய் சார், கை சரியானதும் திறந்துடுவேன்" என்றேன். ஊழியர் என் கட்டைப் பார்த்தார், கடையின் தூசியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். நாற்காலிகள் ஏலத்துக்குப் போயின.

4. உடன்பிறந்தவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "உங்க தம்பி பொண்டாட்டி பார்லர் போட்டிருக்காங்களே, உங்க நாற்காலியிலதான் உக்காந்து வந்தேன். கைப்பிடியில முடி அயர்ன் சுட்ட கறுப்பு அப்படியே இருக்கு" என்றார். மேற்படியார்தான் தன் மைத்துனரை அனுப்பி ஏலத்தில் எடுத்து, ஸ்டூடியோவின் பின்னறையில் போட்டிருக்கிறார். அன்று நான் அழவில்லை. அழுதிருந்தால் இந்த மனு இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

5. அந்தப் பார்லர் ஓடவில்லை, மூடிவிட்டார்கள். ஸ்டூடியோவும் கடனில் மூழ்கி, இப்போது மேற்படியாரே திவால் மனு கொடுத்திருக்கிறார். தங்கள் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்ட அவரது சொத்து விவரத்தை நேரில் வந்து படித்தேன். தன்னை முடி அலங்காரக் கலைஞர் என்றும், என் நாற்காலிகளைத் தன் தொழிற்கருவி என்றும் குறிப்பிட்டு விலக்குக் கேட்டிருக்கிறார். சொந்த மீசையை ஒழுங்காக ஒதுக்கத் தெரியாதவர். ஐயமிருந்தால் அவரைத் தங்கள் முன்னிலையில் ஒருவருக்கு முடி வெட்டச் சொல்லுங்கள். அதற்கு ஒரு தலை தேவைப்பட்டால், அவரது மைத்துனரின் தலையைப் பணிவுடன் பரிந்துரைக்கிறேன்.

6. நான் இந்த மனுவைக் கொடுக்கப்போவதைக் கேள்விப்பட்டு எங்கள் அம்மா போன் செய்தார். "கூடப் பிறந்தவன்டி. அவன் பிள்ளைங்க தரையில படுக்கணுமா?" என்றார். "கட்டிலை எடுக்க மாட்டாங்கம்மா. எதை எடுப்பாங்க, எதை விடுவாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். போனை வைத்துவிட்டார். குழந்தைகளின் துணி, புத்தகம், படுக்கை, வீட்டுப் பாத்திரம் எதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசிக் கரண்டி வரை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ஆணிகூட அவருக்குத் தங்கக் கூடாது.

7. இனி, அந்தச் சொத்து விவரத்தில் இல்லாத ஒன்று. நான் வீடு வீடாகப் போய்த்தான் இப்போது தொழில் செய்கிறேன். சென்ற வாரம் மேற்படியாரின் மாமியாருக்கு முடிச்சாயம் பூசப் போயிருந்தேன். துண்டு எடுக்க அவர் பீரோவைத் திறந்தபோது, கீழ்த்தட்டில் குழந்தைப் போர்வையில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. "உன் தம்பிதான் வெச்சிட்டுப் போனாரு, எதுக்குன்னே தெரியல" என்று அவரே பிரித்துக் காட்டினார். மேற்படியாரின் விலை உயர்ந்த கேமராவும் மூன்று லென்ஸுகளும். அந்த அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

8. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்படியார் உண்மையில் போட்டோகிராபர். தொழில் இதுதான், கருவி இதுதான் என்று கேமராவை ஒளிக்காமல் காட்டியிருந்தால் சட்டமே அதை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கும். ஒரு போன் செய்து, "தம்பி, அதைக் காட்டிடு" என்று நான் சொல்லியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. சாயம் காயும்வரை யோசித்தேன். செய்யவில்லை.

ஆகவே, நாற்காலிகளுக்கான விலக்கை மறுத்து, கேமராவைக் கைப்பற்றி, இரண்டையும் பொது ஏலத்தில் விடத் தங்களை வேண்டுகிறேன். என் திவால் நிலை முறைப்படி நீங்கிவிட்டது. கையில் கொஞ்சம் சேர்த்தும் வைத்திருக்கிறேன். ஏல நாளை எனக்குக் கட்டாயம் தெரிவியுங்கள். காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கேமராவையே எடுப்பேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது.

இடம்: மேற்கண்ட மாடி அறை
நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை

உண்மையன்றி வேறொன்றும் எழுதாத,
(கையொப்பம்)
கடனாளியின் அக்கா