லிப்றில் மிளகு மணம்

டோர்செட் பார்க், ரொறன்ரோ
9.11.1993

அன்பின் தில்லை,

நான் சுகம். உன் சுருட்டும் இருமலும் இன்னும் சண்டைதானா?

இதனோடு, ஊருக்கு வரும் அன்ரனெற் கையில் ஒரு சிவப்பு மணி தந்துவிடுகிறேன். பார்த்ததும் விளங்கும். பத்து வருடத்துக்கு முன் மாந்தைப் பழந்துறைமுகத்தை ஆராயக் கிடங்கு வெட்டியபோது, நாமிருவரும் மண் அள்ளினோமே. மிளகுச் சாடியை அணைத்தபடி ஓர் அந்நியனின் எலும்பு கிடந்தது. கழுத்திலிருந்த இந்த மணியை, அதிகாரி பதிய முன்னம், வெற்றிலையோடு வாய்க்குள் அதக்கினேன். நீ கண்டாய், சொல்லவில்லை.

அவன் இங்கே வந்துவிட்டான். வேலையால் வந்து, மாடி வீட்டுக்குப் போக லிப்றில் ஏறினால் பட்டப்பகலில் மிளகு மணம். பக்கத்தில் ஆளில்லை. பயமாக இருக்கிறது, தில்லை. மரித்தோர் திருநாளுக்கு அவனுக்கொரு பூசை கேட்டேன். "பேர் என்ன?" என்றார் பங்குச் சுவாமி. உரோமனோ, அரபியோ, ஆர் கண்டது! களவைச் சொல்ல வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன்.

மணியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. அந்த இடம் உனக்குத்தான் தெரியும்.

உன் நண்பன்,
நீக்கிலாஸ்

அடம்பன், மன்னார்
16.2.1994

அன்புள்ள நீக்கிலாஸ்,

மணி பத்திரமாக வந்தது. களவெடுத்தவன் நீ, பயப்படுகிறவன் நீ, கிடங்குக்குள் இறங்க மட்டும் நானா? நீயும் கடல் தாண்டிப் போனவன். அவன் உன்னைத் தேடி வராமல் ஆரைத் தேடுவான்! சரி, வாய் மூடியிருந்த எனக்கும் பங்குண்டு.

"அங்க கண்ணிவெடி தாட்டிருக்காம், போகாதையுங்கோ" என்று மனுசி கத்துகிறாள். ஆடுகள் மேய்கிறதுதானே என்றேன். பேரில்லாவிட்டால் உங்கள் சுவாமிக்குத்தான் சிக்கல். எனக்கு எள்ளும் தண்ணீரும் போதும். வருகிற அமாவாசைக்குப் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

தில்லையம்பலம்

டோர்செட் பார்க், ரொறன்ரோ
24.10.1994

அன்பின் தில்லை,

உன் கடிதம் கிடைத்த பிறகு நான் போடும் நாலாவது கடிதம் இது. முதலாவதில் நன்றி சொன்னேன். மற்ற இரண்டிலும் பதில் போடு என்று கெஞ்சினேன். அன்ரனெற்றும் உங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றும் அறியவில்லை.

அந்த அமாவாசையோடு மிளகு மணம் நின்றுவிட்டது. நீ வைத்துவிட்டாய் என்று ஒரு கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டேன். பிறகு ஒருநாள் லிப்றில் ஏறினேன். கதவு மூடியதும் சுருட்டு மணந்தது. அன்றிலிருந்து தினமும் மணக்கிறது. இந்தக் கட்டடத்தில் ஆரும் சுருட்டுக் குடிப்பதில்லை, தில்லை.

உன்னை அனுப்பியது நான். கண்ணிவெடி என்று வாசித்த பிறகும் நன்றிதான் எழுதினேன். கள்வா என்று பேசியாவது ஒரு வரி எழுது.

அடுத்த கிழமை மரித்தோர் திருநாள். சுவாமி பேர் கேட்பார். இந்தமுறை எனக்குப் பேர் தெரியும். சொல்லமாட்டேன்.

பதில் போடு.

நீக்கிலாஸ்