கதவுக்கு வெளியே

பென்னாகரம்
12.8.86

கடத்தூரில் உன் அம்மா வீட்டில் இருக்கும் உனக்கு,

மறுபடி சம்மன் வந்திருக்கிறது. மீதி விசாரணை இருபதாம் தேதி. இரண்டு வருடமாக இதே அலைச்சல்.

போன முறை கோர்ட் டவாலி உன் பெயரையும், கணவர் என்று என் பெயரையும் சேர்த்து மூன்று தடவை கூப்பிட்டார். நான் எதிர் டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நீ தனியாக உள்ளே போனாய். வெளியே வந்ததும் நேராகக் கடத்தூர் பஸ் ஏறிவிட்டாய்.

நேற்று அரசு வக்கீலைப் பார்த்தேன். "பொம்பளைங்களைக் கெடுத்த கேசைக் கதவைச் சாத்தித்தாங்க விசாரிப்பாங்க. அந்தம்மா கேட்டுக்கிட்டா, அவங்க ஆளு ஒருத்தரை ஜட்ஜ் உள்ள விடலாங்க" என்றார்.

நீ என்னைக் கேட்பாயா, தெரியவில்லை. கேட்காவிட்டாலும் அந்தக் கதவை ஒட்டியே நிற்பேன். டீக்கடைக்குப் போகமாட்டேன்.

இப்படிக்கு,
சம்மனில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பவன்