அன்று எழும்பாத கைகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் சாப்பிடுகிறேன், தையல் கடையைத் திறக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. அவள் உட்கார்ந்து பட்டன் தைத்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று துணியைக் குவித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு தோளும் இறுகிப்போய், ஒரு கோட்டுக்குக் கை பொருத்த எனக்கு அரை நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. டாக்டர் என்னை மனநல ஆலோசகரான ஒரு பெண்ணிடம் அனுப்பினார். எனக்கென்ன பைத்தியமா என்று கோபத்தோடுதான் போனேன். மருந்தும் இல்லை, புத்திமதியும் இல்லை. கண்ணை மூடிக்கிட்டு, துக்கம் உடம்புல எங்க இருக்குன்னு மெதுவா பாருங்கய்யா என்றாள். தையல்காரன் புத்தி எங்கே போகும், காலரிலிருந்து ஏழு இஞ்ச் கீழே, அகலம் நாலு என்று அளவு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அளக்க வேணாம், மாத்தவும் வேணாம், கூடவே இருங்க என்றாள். ஊர் உடம்பையெல்லாம் அளந்தவனுக்குச் சொந்த உடம்போடு ஐந்து நிமிடம் இருக்கத் தெரியவில்லை.

போன வாரம், ஆறாவது தடவை போனபோது, இந்தக் கைக்கு என்ன செய்யணும்னு தோணுது என்று கேட்டாள். யோசிக்காமல் கவனித்தேன். கைகள் தாமாக எழும்பி மார்புக்கு முன்னால் வளைந்து நின்றன, நடுவில் ஆளில்லை. அப்போதுதான் விளங்கியது கண்ணு. அம்மாவை அடக்கம் செய்து இரண்டு நாள் கழித்து நீ வந்து, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வாசலிலேயே என் மேல் விழுந்து அழுதாய். நான் கையைத் தூக்கவே இல்லை. இப்ப வந்து என்ன பிரயோஜனம் என்று வேறு கேட்டேன். விமானத்தில் இடம் கிடைக்காதது உன் தப்பா. உன்னைப் பிடித்தால் நானே உடைந்துவிடுவேன் என்று தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன், நீ அதை வெறுப்பென்று நினைத்துப் போய்விட்டாய். அந்த அறையில் ஆலோசகர் முன்னால் வாய்விட்டு அழுதேன். தோள் கொஞ்சம் இளகியிருக்கிறது, மனசுக்கு இன்னும் ஆறவில்லை. தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம், வாயிலிருந்து விழுந்ததை என்ன செய்வது. என்னை மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, அழுகை வந்தால் அடக்காதே, என்னைப் பார்த்தாவது கற்றுக்கொள். மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். இது கிடைத்ததும் மறக்காமல் போன் செய். பேச வரவில்லை என்றால் பேசாதே, நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன்னைக் கட்டிக்கொள்ளாமல் நின்ற
உன் அப்பா