எர்லாங்கனில் இருந்த செனட்

மச்சான், நிறைவேறிவிட்டது, அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய நம் பத்தாவது அத்தியாயம் இன்று முற்பகல் பதினொன்று ஐம்பதுக்கு, நாம் வைத்த கெடு முடியப் பத்தே நிமிடம் இருக்க, உன் வரிகளில் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் நம் தளத்தில் ஏறிவிட்டது!

நேற்றுத் துவைக்க எடுத்த குளிர்ச்சட்டையின் உள்பையில் ஒரு பழைய வார இறுதி ரயில் டிக்கெட் அகப்பட்டது. பின்பக்கத்தில் உன் சாய்ந்த கையெழுத்து: "ரெண்டு சபையும் ஒரே எழுத்துல." துணிகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் இணைய மன்றத்தில் இருப்பவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். நான் ஜெர்மனியின் வுப்பர்டாலில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நீ திருநெல்வேலியில் இருந்து இங்கே எர்லாங்கனுக்குப் படிக்க வந்தவன். இருவரும் அமெரிக்காவை வரைபடத்துக்கு வெளியே கண்டதில்லை. ஆனாலும் மாலையானால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் கால்பந்து பார்ப்பதைப் போல நாம் வாஷிங்டன் விவாதங்களை இணையத்தில் நேரலையாகப் பார்த்தோம். அம்மா கதவடியில் நின்று கேட்பார்: "அவங்கள் சட்டம் போட்டால் உனக்கென்னடா? அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சிக்குப் படியன்!"

ஒரு நாள் வாக்கெடுப்பின் நடுவே நான் கத்தியது நினைவிருக்கிறதா?

"மச்சான், இந்த வாக்குச் செல்லாது! ஒரே மாநிலத்து ஆக்கள், ஒருத்தர் ஓம் எண்டுறார், மற்றவர் இல்லை எண்டுறார்!"

நீ சிரித்துச் சிரித்து இருமினாய். "ஏலே, இது உங்க ஊரு மேல்சபை புண்டெஸ்ராட் இல்லலே. அங்க மாநில அரசாங்கம் ஓட்டுப் போடுது, அதான் ஒண்ணாப் போடணும். இங்க ஆளு போடுதான். ரெண்டு செனட்டரும் முட்டிக்கிட்டாலும் ரெண்டு ஓட்டும் ஓட்டுதான்."

ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்ததை அமெரிக்காவின் தலையில் கட்டியவன் நான். அந்தப் பிழையில் இருந்துதான் நம் தளம் பிறந்தது. தமிழில், யாருக்கும் விளங்கும்படி, பிழையில்லாமல் எழுதுவோம் என்றாய். 2005 ஜனவரி மூன்றாம் நாள், அங்கே புதிய நாடாளுமன்றம் தொடங்கிய அன்றே, நாமும் தொடங்கினோம்.

விதிகளும் அவர்களுடையவையே. அவசரக்காரன் நான் பிரதிநிதிகள் சபை. ஒரு வரியை மூன்று நாள் மெல்லுகிற நீ செனட். அங்கே ஒரு சட்டம் இரண்டு சபைகளிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும். ஒரு சொல் வேறுபட்டாலும் ஜனாதிபதியின் மேசைக்குப் போகாது. நமக்கும் அப்படியே. இரண்டு ஆண்டில் நிறைவேறாத மசோதா அங்கே செத்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். நமக்கும் அப்படியே.

சபைகள் முரண்பட்டால் இரண்டின் ஆட்களும் கூடிப் பேசுகிற இணக்கக் குழு ஒன்று உண்டல்லவா? நம்முடையது ஃபிராங்ஃபுர்ட் ரயில் நிலையத்தில் கூடியது. மலிவு டிக்கெட்டில், ஊர்ந்து போகும் ரயில்களில், ஆளுக்கொரு பக்கம் இருந்து வந்தோம். நீ எலுமிச்சம் சாதம், நான் அம்மாவின் ரோல்ஸ். "ஒரு வரிக்காடா அஞ்சு மணித்தியாலம் வந்தனான்?" என்று நான் எரிந்து விழுந்தால், "ரோல்ஸ் நல்லாருக்குலே, இன்னொரு வரியிலயும் சண்டை போடுவோம்" என்பாய்.

பத்தாவது அத்தியாயம், ஒரு சட்டத்தை வாக்குக்கு விடாமல் இழுத்தடிக்கச் செனட்டில் பேசும் நீண்ட பேச்சைப் பற்றியது. அதை நிறுத்த நூறு பேரில் அறுபது பேர் வேண்டும். இது ஒரு நோய், கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களைப் பல ஆண்டுகள் இதை வைத்தே தடுத்தார்கள் என்று நான் எழுதி அனுப்பினேன். நீ திருத்தி அனுப்பியதன் முதல் வரி: "தாமதிப்பது இந்தச் சபையின் நோய் அல்ல, அதன் வேலை." மேலே "செனட் நிறைவேற்றியது" என்று வேறு போட்டிருந்தாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மிச்சத்தை வாசிக்கவே இல்லை. ஒரே சொல்லில் மறுத்துப் பதில் போட்டேன்: "ஏலாது."

ஒரு வாரம் கழித்து உன் அறைத் தோழர் அழைத்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை என்றார். நான் உனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுவாகிவிட்டது. உன் திருத்தம் வந்த அந்த அஞ்சலை இரண்டு மாதம் நான் திறக்கவே இல்லை.

நேற்று டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இன்று நண்பகலோடு நம் இரண்டு ஆண்டும் முடிகிறது. நான் ஒரு சொல்லை மாற்றினாலும் அது மறுபடி உன்னிடம் வரவேண்டும், நீ இல்லை. ஆனால் நீ நிறைவேற்றியதை அப்படியே நானும் ஏற்றால் இணக்கக் குழுவே தேவையில்லை. அதுவும் விதிதான். என்றாலும் இரக்கத்துக்காக வாக்குப் போட்டால் நீ விடமாட்டாய். ஆகவே இன்று காலை முழுவதையும் வாசித்தேன்.

நான்காவது பத்தியில் நான் எழுதியது முழுதாக இருந்தது. அதன் கீழே நீ சேர்த்திருந்தாய்: "காத்திருப்பது யாருடைய வாழ்க்கை என்று கேட்க மறந்தால் இந்த வேலை கொடுமையாகிவிடும்." ஓரத்தில் எனக்கு மட்டும் ஒரு குறிப்பு: "ஏலே, இந்தப் பத்தி இல்லாம செனட் ஒத்துக்காது."

நான் சொன்னதை என்னைவிட நன்றாகச் சொல்லியிருந்தாய் மச்சான். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, உரக்க, ஆளில்லாத அறைக்குச் சொன்னேன்: "ஓம்."

நன்றியடா. இப்போது எதையும் கடைசி வரி வரை வாசிக்காமல் மறுப்பதில்லை, மேலாளரின் கடிதத்தைக்கூட. அந்தப் பழக்கம் உன்னுடையது.

மன்றத்து நண்பர்களே, பத்து அத்தியாயங்களையும் வாசியுங்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஜனாதிபதி திருப்பி அனுப்பும் சட்டத்தை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மீட்பது எப்படி என்று இன்னும் எழுதவில்லை, அதற்கு எனக்கு ஒரு செனட் வேண்டும். ஓம் சொல்ல ஆள் தேவையில்லை, அதை அம்மாவே சொல்லுவார். முழுவதையும் வாசித்துவிட்டு "ஏலாது" என்று சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால், கீழே எழுதுங்கோ.