யசோதராவின் பெயரை ஒருமுறை சேர்த்து, பிறகு நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
மா. தர்மபாலன் (வயது 75),
ஓய்வுபெற்ற எழுத்தர், சுரங்க டைம் ஆபீஸ்,
எண் 14, மேற்கு லைன்,
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.

பெறுநர்:
வாக்காளர் பதிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: என் மனைவி யசோதராவின் பெயர் பொய்யான காரணம் காட்டி வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது – திருத்தம் வேண்டுதல் – பொய் சொன்னவர் மீது புகார் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரம் வீணாகக் கூடாது என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நான் யார் என்பது.
2. நான் தயாரித்த ஐந்து கேள்விகள்.
3. பெயர் நீக்கப் படிவம்.
4. வாக்குப்பதிவு நாளில் நடந்தது.
5. என் கோரிக்கை.
6. விவரம் அறியாதவர்கள் வாக்களிக்காமல் இருப்பதே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை என்பது.

1. சுரங்கம் மூடப்படும்வரை இருபத்தெட்டு ஆண்டுகள் டைம் ஆபீஸில் இருந்தேன். ஷிஃப்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கிப் போனவர்கள் மேலே வந்ததும் அதைத் திருப்பித் தருவார்கள், மறுபடி மாட்டுவேன். ஷிஃப்டு முடிந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார். மணி அடிப்பேன். தேட ஆட்கள் இறங்குவார்கள்.

தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் எழுத வரும் என்பதால் எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் மனு எழுதித் தந்திருக்கிறேன். எனக்காக எழுதுவது இதுவே முதல். தடுமாற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டும். கன்னடப் பிரதியை இணைத்துள்ளேன். தமிழில் எழுதியதே மூலம். படிவத்தில் பொய்யைக் கன்னடத்தில் எழுதினேன். உண்மையை, நாங்கள் இருவரும் வீட்டில் பேசிய மொழியில் எழுதினால்தான் வருகிறது.

2. சுரங்கத்தில் வெடி வைக்கச் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே திரியைத் தொடலாம். தெரியாத கை தொட்டால் சாவது பக்கத்தில் நிற்பவனும்தான். வாக்கும் அப்படிப்பட்டது என்று எண்ணினேன். ஆகவே சில தேர்தல்களுக்கு முன்பு ஐந்து கேள்விகள் தயாரித்தேன். போட்டியிடுவோரில் இருவர் பெயர், அவர்கள் தரும் வாக்குறுதி ஒன்று, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் உள்ள வேறுபாடு, நம் தொகுதியின் எல்லை, சென்ற முறை வென்றவர் செய்த பணி ஒன்று. மூன்றுக்காவது விடை தெரியாதவர்கள் அன்று வீட்டில் இருப்பது நல்லது என்று லைனில் பணிவாகச் சொல்லி வந்தேன்.

யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஏசுபாதம், சுரங்கத்தில் பாறை துளைத்த முன்னாள் டிரில்லர், ஒன்றுக்கு மட்டும் விடை சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: “இன்னா சார், ஓட்டு போடறவனுக்கு எக்ஸாமு வெக்கிறீங்க. நிக்கிறவனுக்கு இன்னா எக்ஸாமு வெச்சீங்க?” அவர் போய் வாக்களித்துவிட்டு வந்து, மை வைத்த விரலை என் சன்னலில் நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

என் சொல்லைக் கேட்டவர் ஒருவர்தான். என் மனைவியும் ஒன்றுக்குத்தான் விடை சொன்னார். “எனக்கு ஒண்ணும் தெரிலன்னு நீங்களே சொல்றீங்க. நான் வூட்லயே கீறேன்” என்றார். மூன்று தேர்தல்கள் அப்படி இருந்தார். ஒவ்வொரு முறையும் நான் திரும்பி வந்ததும் என் விரலைப் பிடித்துப் பார்ப்பார். மை மறையும்வரை, சோறு போடும்போதெல்லாம் பார்ப்பார்.

எங்கள் தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். பதினாறு வீட்டுக்கும் முறை பிரித்துச் சண்டையில்லாமல் நடத்தியவர் யசோதரா. பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை, நான் செய்தித்தாளில் படிப்பதற்கு முன் காய்கறிக்காரியிடம் கேட்டு வைத்திருப்பார். குழாயைப் பற்றி என் தாளில் கேள்வி இல்லை.

3. வாக்களிக்காதவர் பெயர் பட்டியலில் இருந்தால் வேறு யாராவது அந்தப் பெயரில் கள்ள வாக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு வந்தது. சென்ற மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, எங்கள் மகள் ராதிகாவின் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூரில் மூன்று மாதம் இருந்தார். அப்போது அவருடைய பெயரை நீக்கப் படிவம் வாங்கினேன். காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன. “விவரம் போதாதவர்” என்ற காரணம் அதில் இல்லை. “நிரந்தரமாக இடம் மாறியவர்” என்பதைக் குறித்தேன். பொய்யான தகவல் தண்டனைக்குரியது என்று அடியில் இருந்ததைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். விசாரிக்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் வாணி அவர்களிடமும் அதையே சொன்னேன். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. என் மனைவி ஊரிலிருந்து திரும்பினார். நான் சொல்லவில்லை.

4. வாக்குப்பதிவு அன்று காலை யசோதரா குளித்து, பச்சைப் புடவை கட்டி, என் நாற்காலியின் எதிரில் வந்து நின்றார். “கேளுங்க” என்றார். எதை என்றேன். “அந்த அஞ்சு கேள்விய.”

கேட்டேன். ஐந்துக்கும் சரியாகச் சொன்னார். பெங்களூரில் பேத்தியைத் தூங்கவைத்துவிட்டு மகளிடம் கற்றுக்கொண்டிருக்கிறார். வேட்பாளர்களின் பெயரைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அந்த நிமிடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும். படிவம் எங்காவது தவறிப்போயிருக்கும் என்ற நம்பிக்கையில் கூட்டிக்கொண்டு போனேன்.

பெண்கள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார். பட்டியலைப் பார்த்த அலுவலர், “பெயர் நீக்கப்பட்டுள்ளது, இடம் மாறிவிட்டீர்கள்” என்றார். “நாப்பத்தாறு வருசமா அதே லைன்ல, அதே வூட்ல கீறேன். நான் எங்க பூட்டேன்?” என்று என் மனைவி கேட்டது ஆண்கள் வரிசை வரை கேட்டது. சிலர் சிரித்தார்கள். நான் என் முறைக்கு உள்ளே போய் வாக்களித்தேன். ஆம் ஐயா, வாக்களித்தேன்.

திரும்பும் வழியில் அவர் என் விரலைப் பார்க்கவில்லை. பாதி தூரம் வந்த பிறகு, “இன்னாங்க, அந்த அஞ்சுல நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஐந்தரை மாதம் கழித்து, 9.10.2024 அன்று, நெஞ்சுவலியில் இறந்துபோனார். அதுவரையிலும் படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

5. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, பெயரை நீக்க வேண்டுமே என்று வாணி அவர்களிடம் சென்றேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “அங்கிள், அம்மா பேரே இதுல இல்லியே. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், போங்க” என்று அன்பாகத்தான் சொன்னார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதம் கழித்து இதை எழுதத் துணிவு வந்தது.

ஆகவே, யசோதரா, எண் 14, மேற்கு லைன், என்பவரை “இடம் மாறியவர்” என நீக்கியதை ரத்துசெய்து, அவர் பெயரை மீண்டும் சேர்க்க வேண்டுகிறேன். அதன் பிறகு, 9.10.2024 அன்று இறந்தவர் என்ற சரியான காரணத்துடன், சரியான தேதியில் நீக்க வேண்டுகிறேன். இறந்தவரைச் சேர்க்க விதி இல்லை என்றால், அவர் இடம் மாறவில்லை என்று கோப்பில் ஒரு வரியாவது எழுதச் செய்ய வேண்டும். பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு என் மீது நடவடிக்கை எடுக்கலாம். எந்த நாளில் அழைத்தாலும் வருவேன்.

6. இந்த அம்சத்துக்கு நான்கு காரணங்கள் தனித்தாளில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது, வெடிச் சான்றிதழ். அதை இங்கே எடுத்தெழுதத் தொடங்கும்போது ஒன்று தோன்றியது. இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் வெடிச் சான்றிதழ் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் டோக்கன். டோக்கன் கொடுக்கும்போது எந்த லெவலில் என்ன பாறை என்று யாரையும் கேட்டதில்லை. கீழே இறங்குகிறார், ஆகவே டோக்கன். அவ்வளவுதான். என் மனைவி கீழே இருக்கும்போதே அவருடைய டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டேன். பிறகு யார் தேட இறங்குவார்கள்?

மற்ற மூன்று காரணங்களை எழுத முடியவில்லை. மனுவைப் புதிதாக எழுதவும் விருப்பமில்லை. டைம் ஆபீஸ் பதிவேட்டில் தவறை அழிக்கக் கூடாது. படிக்கும்படி ஒரே கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்திட வேண்டும். அதன்படி முதல் பக்க வரிசையில் ஆறாவது வரியின் மேல் கோடு போட்டுக் கையெழுத்திட்டுள்ளேன்.

அவர் சொன்ன ஐந்திலும் தவறில்லை. தவறு என் ஆறாவது.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மா. தர்மபாலன்

இடம்: ஆண்டர்சன்பேட்டை
நாள்: 20.01.2025

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல், கன்னடப் பிரதி, ஐந்து கேள்விகள் அடங்கிய தாள்.